பள்ளி அருகில்

தர்மபுரி நாலு ரோட்டில், செருப்புக்கடை மாடியில்
எட்டு மாதம் உட்கார்ந்து செய்தேன் அந்த வரைபடத்தை.
நானூற்றுப் பன்னிரண்டு கைப்பம்புகள்.
சிவப்புப் புள்ளி: ஃபுளோரைடு, குடிக்காதே.
பச்சைப் புள்ளி: குடிக்கலாம்.
மவுஸை மேலே கொண்டுபோனால்
சின்னதாக ஒரு பெட்டி திறந்து ஊர்ப்பெயர் காட்டும்.
தொடுதிரையில் இரண்டு விரலை விரித்தால்
மாவட்டம் உன்னை நோக்கி எழுந்து வரும்.
கொஞ்சம் கர்வம்தான் எனக்கு.

சோதித்துப் பார்க்க ஷாகிரா பானு வந்தாள்,
பாலக்கோட்டிலிருந்து, ஏழரை பஸ்ஸில்.
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை.
இயர்போனின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

பட்டன்.
பட்டன்.
பெயரில்லாத பட்டன்.
படம்.
படம்.
படம்.

என் எட்டு மாதம் காதுக்கு அவ்வளவுதான்.

"உள்ள போயிட்டேன் சார்,
டேப் அடிச்சா வெளிய வரமாட்டேங்குது.
தொப்பூர் கணவாயில லாரி மாட்டின மாதிரி
முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
நானும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

மதியம் மாதையன் வந்தார், மகனின் பைக்கில்.
கழுத்து திரும்பாது; ஆளே திரும்ப வேண்டும்.
விரல்கள் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டிருந்தன.
பழக்கதோஷம், சொல்லிவிட்டேன்:
"ரெண்டு விரலை விரிங்கய்யா."
அப்புறம்தான் உறைத்தது.
நாற்பது வருஷம் அவர் குடித்த தண்ணீரைச்
சிவப்பாகப் பொட்டு வைத்திருக்கிறேன்;
அதைப் பெரிதாக்க
அந்தத் தண்ணீர் தின்ற விரல்களையே கேட்கிறேன்.
அவர் முட்டியால் என்டரைத் தட்டினார்.
தட்டிக்கொண்டே இருந்தார்,
ஆளில்லாத வீட்டுக் கதவை.

ராத்திரி போன்.
வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்த பொறியாளர்
குரலைத் தணித்துச் சொன்னார்:
"தம்பி, யார்கிட்டயும் சொல்லாத.
சிவப்பு, பச்சை ரெண்டுமே எனக்குக்
கேழ்வரகுக் களி நிறம்தான்."

மற்றதெல்லாம் சுலபம்.
சிவப்புக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.
முட்டி படுமளவு பட்டன்களைப் பெரிதாக்கினேன்.
எஸ்கேப் அடித்தால் கணவாயைத் தாண்டலாம்.
புள்ளிகளை வரிசையாக, வாக்கியமாக
ஒரு பட்டியலில் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் அவள் வாசிக்கவிட்டாள், சத்தமாக.
பள்ளி அருகில், குடிக்கலாம்.
பள்ளி அருகில், குடிக்கக் கூடாது.
பள்ளி அருகில், குடிக்கலாம்.
நாற்பத்தொரு முறை.
"எந்தப் பள்ளி சார்?
வாசல்ல நின்னா சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?
குடத்தோட போறவளுக்கு அது தெரியணும்ல."

புள்ளிக்கு அந்தக் கவலை இல்லை.
கைகாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.
நானும் அதை நம்பி எட்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.
எர்ரப்பன் கொட்டாய், தொடக்கப்பள்ளி.
வரைபடத்தில் ஒரே புள்ளி, பச்சை.
தரையில் இரண்டு பம்பு:
வாசலுக்கு இடப்புறம் ஒன்று,
கழிப்பறைக்குப் பின்னால் ஒன்று.
எது பச்சை?
தலைமையாசிரியைக்குத் தெரியாது.
பதிவேடு பார்த்தவருக்கும் தெரியாது.
இரண்டிலும் குடித்துப் பார்த்தேன், ஒரே ருசி.
பெல் அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து
என் அசட்டு முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.
பற்களில் பழுப்புக் கோடுகள்.

தப்படி வைத்து அளந்தேன்.
புளியமர நிழலில் போனிலேயே தட்டினேன்:
"எர்ரப்பன் கொட்டாய் தொடக்கப்பள்ளி.
வாசலைப் பார்த்து நின்றால் இடப்புறம்,
பதினாறு தப்படியில் ஒரு கைப்பம்பு.
இது நல்ல தண்ணீரா என்று எங்களுக்குத் தெரியாது.
பரிசோதிக்கும்வரை குடிக்க வேண்டாம்."

ஐந்து நிமிடத்தில் அவளிடமிருந்து குரல் பதிவு:
"இப்ப அந்த எடம் தெரியுது சார்.
அந்தப் பின்னாடி இருக்கறது?"

எழுதுகிறேன்.
இன்னும் நாற்பது இருக்கின்றன,
பள்ளி அருகில்.